நாற்பத்தெட்டு மில்லிமீட்டருக்குள் ஒரு கத்திரி வெயில்

கணினிச் செயலியின் சூட்டைத் தணிக்கும் கூலர்களைப் பற்றிய விமர்சனங்களில் வரும் எண்களை நான் சந்தேகிப்பவன் அல்லன். அந்த எண்கள் எடுக்கப்படும் அறைகளில் வாழும் கொடுப்பினைதான் எங்களுக்கு இல்லை. அறையை 21 அல்லது 22 டிகிரியில் நிறுத்தி, சிபியுவை, அதாவது செயலியை, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, ‘80 டிகிரியைத் தாண்டவில்லை, தாராளம்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் ‘தாராளம்’ வடசென்னையின் தண்டையார்பேட்டைக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்பதுதான் அதில் இருப்பதில்லை. சிறிய மேசைக் கணினி ஒன்றுக்கு லோ புரொஃபைல் கூலர், அதாவது உயரம் குறைந்த கூலர், தேர்ந்தெடுக்கும் வேலை போன கோடையில் என் தலையில் விழுந்தது முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. உயரம் பார்த்து வாங்குகிறோம், வாட் பார்த்து வாங்குகிறோம், விலை பார்த்து வாங்குகிறோம். கூலர் இழுக்கப்போகும் காற்று எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

வேலை அக்கா வீட்டுக்கானது. ஒரு ஹால், ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. ஹாலில் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், தொலைக்காட்சி, வரிசையாகத் தண்ணீர்க் குடங்கள். அக்கா மகன் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறான். வீடியோ எடிட்டிங்தான் அவன் படிப்பும், பகுதிநேர வருமானமும். பெரிய டவர் கேபினெட் வைக்க அந்த வீட்டில் இடமில்லை. பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே சுவரில் பதித்த கடப்பா கல் செல்ஃபில் ஒரு தட்டு மட்டுமே காலி. அந்தத் தட்டின் அளவை எடுத்துக்கொண்டு அவனே தேடிப் பிடித்த கேபினெட் ஒன்று வந்து இறங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டான். “மாமா, கூலர் மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க.” கூலர் மட்டும் என்று அவன் சொன்னான். ஆனால் அந்த அளவுப் பெட்டியில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான்.

ஆறு மில்லிமீட்டர்

அவன் வாங்கியது, மதர்போர்டு ஒரு பக்கமும் கிராபிக்ஸ் கார்டு மறுபக்கமுமாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் வகைப் பெட்டி. 7.2 லிட்டர் கொள்ளளவில் டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் பிரபலமாக்கிய அமைப்பு இது. அதில் சிபியு கூலருக்கு 48 மி.மீ. உயரம்தான் இடம். அதைப் பின்பற்றி வந்த பல பெட்டிகளைப் போல இதுவும் அதே 48-ஐ வைத்திருந்தது. உள்ளே 170-க்கு 170 மி.மீ. அளவுள்ள மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு. செயலி ஏஎம்டி ரைசன் 5 7600; ஆறு கோர், பூஸ்ட் வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ், டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டின் அளவாக நிறுவனம் தரும் எண்) 65 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். அதோடு இலவசமாக வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரின் உயரம் 54 மி.மீ. ஆறு மில்லிமீட்டர் அதிகம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு அதையே மாட்டிக்கொள்ளலாமே என்று அவன் ஒரு தரம் கேட்டான். பல்லியும் கரப்பானும் உலவுகிற செல்ஃபில் மதர்போர்டைத் திறந்துபோட முடியாது என்று அக்காவே பதில் சொல்லிவிட்டாள்.

48-க்குள் அடங்குகிறவை என்று பார்த்தால் போட்டி பெரிதாக இல்லை. ஒரு முனையில் நாக்டுவாவின் என்எச்-எல்9ஏ: மொத்தம் 37 மி.மீ. உயரம், இரண்டு ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்), 14 மி.மீ. தடிமனுள்ள 92 மி.மீ. விசிறி. மறுமுனையில் தெர்மல்ரைட்டின் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47: பெயரிலேயே உள்ளபடி 47 மி.மீ., நான்கு ஹீட் பைப், 15 மி.மீ. தடிமனுள்ள விசிறி, அலுமினியத் தகடுகளோடு ஒன்று, முழுக்கச் செம்பால் ஆனது ஒன்று. இடையில் பீ கொயட்டின் பியூர் ராக் எல்பி போன்று 45 மி.மீ. அளவில் சில. 120 மி.மீ. விசிறி பூட்டிய கூலர்கள் பெரும்பாலும் இந்த 48-ஐத் தாண்டிப் போய்விடுகின்றன. அவை இந்தப் பெட்டிக்கு ஆகாதவை.

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இவற்றை எடுத்துக் கையில் பார்த்து வாங்கலாம் என்றுதான் கிளம்பினேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் தெரு நடக்கும் தூரம். 2021-இல் விம்கோ நகர் வரை பாதை நீண்ட பிறகு வடசென்னைக்காரருக்குக் கிடைத்த சௌகரியங்களில் இதையும் சேர்க்கலாம். ஆனால் அங்கே கண்ணில் படுவதெல்லாம் நெட்டையான டவர் கூலர்களும், வண்ண விளக்கு எரியும் லிக்விட் கூலர்களும்தான். குட்டைக் கூலர் என்றதும் ஒரு கடைக்காரர், “சொன்னா ஒரு வாரத்துல வரவச்சுத் தரேன் சார், ஸ்டாக் வைக்கிற ஐட்டம் இல்ல” என்றார். கையில் தூக்கிப் பார்க்கும் ஆசை அத்தோடு போயிற்று. காகிதத்தில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றானது.

காகிதத்தில் முதலில் இடறுவது வாட் எண். ஒரு கூலர் 95 வாட் தாங்கும் என்று போட்டிருக்கும், இன்னொன்று 125 என்று போட்டிருக்கும். எத்தனை டிகிரிக் காற்றில், செயலியை எத்தனை டிகிரிக்குள் வைத்து, விசிறி எவ்வளவு சத்தம் போட என்பதற்கெல்லாம் நிறுவனங்களுக்குள் பொது அளவுகோல் கிடையாது. நாக்டுவா இந்த வாட் எண்ணைத் தருவதையே தவிர்த்துவிட்டு, தன் கூலர்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் உதவும் சொந்தத் தர எண் ஒன்றைத் தருகிறது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. ஆனால் வேறு நிறுவனக் கூலரோடு ஒப்பிட அதனால் பயனில்லை. செயலியின் வாட் எண்ணும் அதைவிட மேல் அல்ல. 65 வாட் டிடிபி என்று விற்கப்படும் 7600-க்கு ஏஎம்டி அனுமதிக்கும் உண்மையான மின் வரம்பு, பிபிடி எனப்படுவது, 88 வாட். வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது அந்த 88-ஐத்தான் அது குடிக்கும். ‘65 வாட் செயலிக்கு 37 மி.மீ. கூலர் போதும்’ என்று இணையத்தில் படித்துவிட்டு வாங்குகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் 23 வாட் கணக்கில் வருவதே இல்லை.

குட்டையாவதில் கூலர் எதை இழக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஹீட் பைப் என்பது உள்ளே சிறிதளவு நீரும் அதை உறிஞ்சித் திருப்பி அனுப்பும் நுண்துளைப் படலமும் வைத்து, காற்றை எடுத்துவிட்டு மூடிய செம்புக் குழாய். அழுத்தம் குறைந்திருப்பதால் நீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் சிபியுவின் சூட்டிலேயே ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய்த் திரவமாகித் திரும்புகிறது. 1963-இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிப் பயன்பாட்டை மனத்தில் வைத்து உருவாக்கிய ஏற்பாடு இன்றைக்குக் கடப்பா கல் செல்ஃபில் வந்து உட்கார்ந்திருக்கிறது. குட்டைக் கூலரிலும் இந்தக் குழாய் தன் வேலையைச் சரியாகவே செய்யும். குறைபடுவது அது கொண்டுபோய்க் கொடுக்கும் தகடுகளின் பரப்பும், தகடுகளுக்கு இடையே காற்றைத் தள்ளும் விசிறியின் வலுவும்தான். பரப்புக் குறைந்தால் விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும். மெல்லிய 92 மி.மீ. விசிறி நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் சுற்றினால் ஹாலில் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது கேட்காமல் இருக்காது. வேகம் இரட்டித்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு.

மீன் தொட்டி வெப்பமானி

இதுவரை சொன்னது எல்லோரும் அலசும் விஷயம்தான். நானும் அந்த அட்டவணைகளுக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருந்தேன்: 37-ஆ 47-ஆ, இரண்டு பைப்பா நான்கா, அலுமினியமா செம்பா. திசை திரும்பியது கொளத்தூரில். அங்கே வண்ண மீன் கடைகளில், தொட்டிக்குள் விடுவதற்காக நீண்ட ஒயரின் முனையில் சின்ன உணரி வைத்த டிஜிட்டல் வெப்பமானி விற்கிறார்கள். அண்டை வீட்டுக்காரருக்காக ஒன்று வாங்கப் போனவன், எனக்கும் ஒன்று வாங்கினேன். அதன் நல்ல குணம், உணரியை எந்த மூலையில் வேண்டுமானாலும் நுழைத்துவிட்டுத் திரையைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்பது. அன்று மாலை அதை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய், கணினி உட்காரப்போகும் தட்டில், கூலர் விசிறி இருக்கப்போகும் உயரத்தில் உணரியைத் தொங்கவிட்டேன்.

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த நாள் அது. இரவு பத்து மணி. சமையல் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. கைப்பேசி வெளியே 31 டிகிரி என்றது. ஹாலின் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே, மீன் வெப்பமானி 34-க்குப் பக்கத்தில் நின்றது. தட்டில் தொங்கவிட்ட பிறகு எண் மெல்ல ஏறத் தொடங்கி, 38-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. கணினி இன்னும் வந்து உட்காரவேயில்லை.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மாடியின் கான்கிரீட் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் அதைக் கீழே இறக்கத் தொடங்குகிறது. ஆகவே இந்த வகை வீடுகளில் உச்சிப்பொழுதைவிட முன்னிரவே புழுக்கம் மிகுந்த நேரம். வெளியே கடற்காற்று வீசினாலும் நெருக்கி அடுக்கிய வீட்டு வரிசையில் அது உள்ளே நுழைய வழி குறைவு. இதற்கு மேல் ஃபிரிட்ஜ். முன்பெல்லாம் ஃபிரிட்ஜின் பின்னால் கறுப்புக் கம்பிச் சுருள் தெரியும். இப்போது வரும் பலவற்றில் அந்தச் சுருளைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். உள்ளிருந்து எடுத்த சூடு பக்கவாட்டில் வெளியேறுகிறது. அந்தப் பக்கத்துக்குச் சரியாக எதிரில்தான் எங்கள் காலித் தட்டு. மூன்று பக்கமும் கல்லும் சுவரும் அடைத்த பொந்துக்குள் அந்தச் சூடு போய் நின்றுகொள்கிறது.

வானிலை நிலையத்தின் எண் நமக்கு உதவாது என்பது அப்போது கண்ணெதிரே நின்றது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாத இறுதியில் 45 டிகிரி பதிவானதை இன்றும் பேசுகிறோம். ஆனால் அந்தக் கருவி நிழலும் காற்றோட்டமும் உள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. கூலருக்கு நுங்கம்பாக்கமும் தெரியாது, ஹாலின் நடுப்பகுதியும் தெரியாது. தன் விசிறிக்கு முன்னால் உள்ள இரண்டு விரற்கடைக் காற்றுதான் அதற்கு வானிலை.

அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது ஒரு பழைய சூத்திரம். டிடிபி என்ற எண்ணை ஏஎம்டி எப்படிப் பெறுகிறது என்பது சில ஆண்டுகளுக்கு முன் வெளியானபோது, அது மின்சாரத்தை அளந்து வந்த எண் அல்ல என்பதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். செயலியின் மூடி இருக்கக்கூடிய உச்ச வெப்பநிலையிலிருந்து விசிறிக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைக் கழித்து, அதைக் கூலரின் வெப்பத் தடை எண்ணால் (ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்பது) வகுத்தால் வருவதுதான் டிடிபி. ரைசன் 7 2700எக்ஸுக்கு அந்தக் கணக்கு இப்படி இருந்தது: 61.8-இலிருந்து 42-ஐக் கழித்து 0.189-ஆல் வகுத்தால் 104.76, அதையே 105 வாட் என்று விற்றார்கள். எல்லோரும் 105-ஐப் பற்றி வாதாடினார்கள். நான் இப்போது அந்த 42-ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறிக்குள் நுழையும் காற்று 42 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் செயலியைச் செய்தவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதாவது, அக்கா வீட்டுத் தட்டின் 38-ஐப் பற்றி அவர்களுக்குத் தெரியும். 22 டிகிரி அறையில் உட்கார்ந்து கூலருக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்தான் அதை மறந்துவிடுகிறார்கள். மூடிய பெட்டிக்குள் வேறு பாகங்களின் சூடும் சேரும் என்பதால் வைத்த எண்தான் 42; வடசென்னைக்காகப் போட்டது இல்லை. இருந்தாலும் அதைப் பார்த்ததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

65-உம் 88-உம்

அன்றிரவு கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன். செயலியின் உள்பகுதியிலிருந்து காற்று வரைக்கும் மொத்தத் தடை வாட்டுக்கு 0.65 டிகிரி என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 88 வாட்டுக்குச் செயலி காற்றைவிட 57 டிகிரி மேலே நிற்கும். காற்று 22 என்றால் செயலி 79. விமர்சகரின் ‘தாராளம்’ இதுதான். காற்று 38 என்றால் செயலி 95. 7600-இன் உச்ச வரம்பு அந்த 95-தான். அதே கூலர், அதே 38 டிகிரிக் காற்று, ஆனால் வரம்பை 65 வாட்டுக்கு இறக்கினால் 42 டிகிரி மட்டுமே மேலே ஏறிச் செயலி 80-இல் நிற்கிறது. குளிர்ந்த நாட்டில் 88 வாட்டுக்குக் கிடைப்பது நமக்கு 65 வாட்டில் கிடைக்கிறது. 37 மி.மீ. கூலரை விட்டுவிட்டு 47 மி.மீ. கூலருக்குப் போவதால் சில டிகிரி குறையும். அலுமினியத்திலிருந்து முழுச் செம்புக்குப் போவதால் அதைவிடச் சொற்பமாகக் குறையும். மின் வரம்பை இறக்குவதால் இந்தக் கணக்குப்படி 15 டிகிரி குறைகிறது. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் ஓர் எண்ணை மாற்றக் காசும் ஆவதில்லை.

95-ஐத் தொட்டால் செயலி எரிந்துபோய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். ரைசன் 7000 வரிசை 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வரம்பைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 95-இல் தொங்கும் செயலிக்கு விசிறி முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தலுக்குப் பிறகும் கிடைக்கும் வேகம், கூலர் விட்டுக்கொடுத்த வேகம்தான். நாம் தேர்ந்தெடுத்தது அல்ல. மேலும் எந்தக் கூலரும் சூட்டை அழித்துவிடுவதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. செயலி குடிக்கும் 88 வாட்டும் கடைசியில் அக்கா படுத்துறங்கும் ஹாலுக்குத்தான் வந்து சேரும். எவ்வளவு விலையுயர்ந்த கூலர் மாட்டினாலும் இதில் ஒரு வாட்கூடக் குறையாது. சிறிய வீட்டுக்காரர் இதை முதலில் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏசி அறையில் எழுதுகிறவர்களுக்கு இது தோன்றாததில் வியப்பில்லை.

மருமகன் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. “65-க்கு இறக்குறதுன்னா அப்புறம் எதுக்கு மாமா 7600? பழையதே வாங்கியிருக்கலாமே” என்றான். நியாயமான கேள்விதான். செயலி செலவிடும் மின்திறன், வோல்ட்டேஜின் இருமடிக்கும் வேகத்துக்கும் நேர்விகிதத்தில் ஏறும். உச்சியில் உள்ள கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸை எட்ட வோல்ட்டேஜையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தச் சின்ன ஏற்றத்துக்கு மின்சாரம் மட்டுமீறிச் செலவாகிறது. அதைக் கைவிட்டால் வேகத்தில் இழப்பது கொஞ்சம், சூட்டில் மிச்சமாவது நிறைய. சொல்லிப் புரியவைப்பதைவிட ஓட்டிக் காட்டுவது மேல் என்று, கணினி பூட்டி முடித்த பிறகு அவனுடைய கல்லூரிக் குறும்படம் ஒன்றையே இரண்டு வரம்பிலும் ஏற்றுமதி செய்து பார்த்தோம். வித்தியாசம் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் அடங்கிவிட்டது. விசிறிச் சத்தத்தில் இருந்த வித்தியாசத்தை மட்டும் சமையலறையிலிருந்தே அக்கா கவனித்தாள்.

இடைவெளி, தூசி, உப்பு

இறுதியில் வாங்கியது 47 மி.மீ. கூலர், அலுமினியத் தகடு வகை. வரம்பை இறக்கிய பிறகு 37-ஏ போதுமே என்று கேட்கலாம். போதும்தான். எனக்கு அதில் உறுத்தியது உயரம் அல்ல, மேலே மிச்சமிருக்கும் 11 மி.மீ. வெற்றிடம். குட்டைக் கூலர் பக்கத் தகட்டின் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து மதர்போர்டை நோக்கி ஊதுகிறது. இதனால் ரேமுக்கும், செயலிக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பாகங்களுக்கும் கொஞ்சம் காற்றுக் கிடைப்பது ஒரு நன்மை. ஆனால் போர்டில் மோதிச் சூடான காற்று பக்கவாட்டில் எழும்பி, விசிறிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத் திரும்பவும் விசிறிக்கே போய்விடும். அப்புறம் வெளியே 38 என்றால் விசிறி இழுப்பது 42, 43. விசிறியைச் சுற்றி நுரைப் பட்டை ஒட்டி இடைவெளியை அடைப்பது இதற்கு நல்ல மருந்து. இன்னொரு வழியும் உண்டு: என்எச்-எல்9ஏயின் ஹீட்சிங்க் (விசிறி நீங்கலான உலோகப் பகுதி) மட்டும் 23 மி.மீ.தான், அதன்மேல் 25 மி.மீ. தடிமனுள்ள வழக்கமான 92 மி.மீ. விசிறியைப் பூட்டினால் மொத்தம் மிகச் சரியாக 48. சிறுகணினி ஆர்வலர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். மெல்லிய விசிறியைவிட இது அமைதியாகவும் இருக்கும். ஆனால் நீளத் திருகாணி தேட வேண்டும், தனி விசிறிக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். 47-இல் விசிறி பக்கத் தகட்டை ஒட்டியே நின்றுவிடுவதால் இந்த வேலை எதுவும் இல்லை. ஒட்டி நிற்பதன் தீமை, துளைகளின் விளிம்பில் காற்று உரசி ஒருவித ரீங்காரம் எழுவது. வேகம் ஏறினால் அது தெரிகிறது. 65 வாட்டில் அந்த வேகம் வருவது அபூர்வம்.

முழுச் செம்புக் கூலர்தான் வேண்டும் என்று மருமகன் கொஞ்ச நாள் அடம்பிடித்தான். செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும், உண்மை. மூன்று மடங்குக்கும் மேல் கனக்கும், அதுவும் உண்மை. தகடுகள் இவ்வளவு குட்டையாக இருக்கும்போது சூடு தகட்டின் நீளத்தில் பயணிப்பதற்கு அதிகத் தூரமே இல்லை, ஆகவே செம்பின் திறமை அங்கே வீணாகிறது. கடலோரத்தில் முலாம் பூசாத செம்பு கறுத்துப் போவதைப் பூஜைப் பாத்திரங்களிலேயே பார்க்கிறோம். அது கூலரின் வேலையைக் கெடுத்துவிடாது என்றாலும், அழகுக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அந்த அழகே மிஞ்சாது.

வடசென்னையில் கூலருக்கு உண்மையான பகை தூசி. ராயபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்ட காலத்தில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும்; உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் அது நின்றது. கறுப்புக் குறைந்தது, தூசி போகவில்லை. கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடுகின்றன. இதோடு உப்புக் காற்றின் ஈரம் சேர்ந்தால் தூசி உதிராமல் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். நெருக்கமான தகடுகள் உள்ள குட்டைக் கூலரில் இது நேரடியாக மூச்சை அடைப்பதாகும். விசிறிக்குக் கீழே தகடுகளின் வாயில் மெல்லிய கம்பளம்போல் படியும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பக்கத் தகட்டில் கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுவது எங்கள் பகுதியில் வழக்கமான கைவைத்தியம். சாதாரணக் கொசுவலை ஓட்டை பெரிது, பஞ்சையும் முடியையும் நிறுத்தும், காற்றை அதிகம் தடுக்காது. ஆகவே அதை நான் ஆதரிக்கிறேன். மெல்லிய நைலான் துணி கட்டுகிறவர்கள் தூசியோடு காற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். புளோயரால் ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மருமகனிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருக்கிறேன். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

தட்டை மாற்றலாமா என்ற பேச்சும் நடந்தது. எதிர்ச் சுவரில் ஜன்னலோரம் வெப்பமானி மூன்று டிகிரி குறைவாகவே காட்டியது. “அங்க வச்சா குடத்தை எங்கடா வைக்கிறது?” என்று அக்கா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தண்ணீர் வரும் நேரத்தில் குடம் நிரப்பி வைக்க வேறு இடமில்லாத வீட்டில் அதற்கு எதிர்வாதம் கிடையாது. தவிர, ஜன்னலோரத்தில் லாரித் தூசியும் நேரே வந்து இறங்கும். அதனால் தட்டு அதேதான். ஃபிரிட்ஜை மட்டும் ஒரு சாண் தள்ளி, இடையில் தெர்மகோல் பலகை ஒன்றை நிறுத்தினோம். விசிறி உள்ள பக்கம் கல்லை ஒட்டாமல் ஹாலைப் பார்த்து இருக்கும்படி பெட்டியைத் திருப்பி வைத்தோம். இந்த இரண்டும் சேர்ந்து தட்டின் சூட்டை ஏறத்தாழ ஹாலின் சூட்டுக்கே இறக்கிவிட்டன. 47-க்கும் 37-க்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நான் படித்த அத்தனை பக்கங்களும் இதற்கு ஈடாகாது.

பயாஸில் இப்போது இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறோம். பிபிடி 65 வாட், விசிறி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்படி ஒன்று. அது பங்குனியிலிருந்து ஐப்பசி மழை தொடங்கும் வரைக்கும். 88 வாட்டுக்குத் திறந்துவிட்டது மற்றொன்று. மார்கழி இரவுகளில் ஜன்னல் வழியாக வரும் காற்று 22, 23-க்கு இறங்கும்போது அதற்கு மாற்றிக்கொள்கிறான். மழைக்காலத்தில் எதை வைப்பது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஈரம் மிகுந்தாலும் காற்று குளிர்ந்திருக்கிறதே, 88 வைக்கலாம் என்பது அவன் கட்சி. ஜன்னலைச் சாத்தி வைக்கும் மாதங்களில் ஹாலுக்குள் கூடுதலாக 23 வாட் எதற்கு என்பது என் கட்சி.